கடைசியாகப் பழுக்கும் செர்ரி: ரெஜினாவா, ஸ்வீட்ஹார்ட்டா, வேறு ஏதாவதா?

சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் செர்ரி பறித்து ஓய்ந்த பிறகு நம் மரத்தில் மட்டும் பழம் தொங்க வேண்டும் என்ற ஆசையில்தான் பலரும் தாமத ரகங்களுக்குப் போகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். இப்போது என்னிடம் லாப்பின்ஸ், ஸ்கீனா, கோர்டியா, ரெஜினா, ஸ்வீட்ஹார்ட் ஆகிய ஐந்தும் காய்ப்பில் இருக்கின்றன, ஸ்டக்காட்டோ ஒரு வரிசை இன்னும் இளம் மரங்களாக நிற்கிறது. அடிக்கடி இதே கேள்வி வருவதால், பட்டதையும் படித்ததையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பழத்தை மட்டும் பார்த்தால் ரெஜினாவுக்குப் பக்கத்தில் எதுவும் வராது. மரத்தைப் பார்த்தால் அதைப்போல அடம்பிடிப்பதும் எதுவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மற்ற எல்லா ரகமும் வந்து உட்காருகின்றன.

ரகங்களுக்குள் போகும் முன் தேதிக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறாதவர்கள் குறைவு. வட அமெரிக்க அட்டவணைகளில் 'வான் ரகத்துக்கு இத்தனை நாள் கழித்து' என்று இருக்கும். பிரான்ஸ், இத்தாலி பக்கம் பர்லா ரகத்திலிருந்து எண்ணுவார்கள். ஜெர்மானியர்கள் பருவத்தையே 'செர்ரி வாரம்' என்று வாரம் வாரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பர்லா மிகவும் முந்தி வருவது, வான் நடுப்பருவத்தில் வருவது. ஒரு தாளில் 'கூட்டல் 30' என்றும் இன்னொரு தாளில் 'கூட்டல் 20' என்றும் இருக்கும், முதலாவதுதான் தாமதம் என்று நினைத்து வாங்கினால், பழுக்கும்போது இரண்டாவது அதற்கும் பின்னால் நிற்கலாம். எதிலிருந்து எண்ணுகிறார்கள் என்று கேட்காமல் கன்றுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

லாப்பின்ஸில் ஆரம்பிக்கிறேன். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சம்மர்லேண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் வானையும் ஸ்டெல்லாவையும் கலந்து உருவாக்கியது, அங்கே வேலை பார்த்த ஆராய்ச்சியாளர் லாப்பின்ஸின் பெயரையே வைத்தார்கள். தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அதனால் துணை மரம் தேவையில்லை. குளிர்கால உறக்கமும் ரொம்பக் கேட்பதில்லை, குளிர் சற்றுக் குறைந்த இடங்களில்கூட நடுகிறார்கள். மரம் மட்டும் விளக்குமாறு மாதிரி நேராக மேலே போகும். சின்ன வயதிலேயே கிளைகளை விரித்துக் கட்டவில்லை என்றால் பிறகு ஏணியோடு அல்லாட வேண்டியதுதான். ஆனால் இதைத் 'தாமத ரகம்' என்று விற்பது கொஞ்சம் அதிகப்படி. வானுக்கு சுமார் இரண்டு வாரம் கழித்து வரும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எல்லோரிடமும் பழம் இருக்கும். இன்னொரு சிக்கல் நிறம். பழம் சீக்கிரமே சிவந்துவிடும், உள்ளே இனிப்பு ஏறியிருக்காது. கருஞ்சிவப்பு வரும்வரை விட்டால் அருமையான பழம், சிவப்பைப் பார்த்து அவசரப்பட்டால் சப்பென்று இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் நான் அவசரப்பட்டேன்.

ஸ்கீனாவும் சம்மர்லேண்டில் பிறந்ததுதான். லாப்பின்ஸுக்குச் சில நாள் பின்னால் வரும், தானே காய்க்கும், பெரிய கறுத்த பழம், நல்ல கெட்டி. அறுவடை சமயத்தில் கடும் வெயில் அடித்தால் காம்பும் பழமும் பிடிப்பு விட்டுவிடும், காம்பில்லாத செர்ரியை யாரும் மதிப்பதில்லை. கோடையின் கடைசி குளுமையாக இருக்கும் இடத்தில் நல்ல ரகம். வெயில் சுடும் இடத்தில் நான் நட மாட்டேன்.

இப்போது ரெஜினா.

ஜெர்மனியில் ஹாம்பர்க்குக்கு அருகில் யோர்க் என்ற இடத்தில் உருவான ரகம். பெற்றோரில் ஒன்று, கடைசியில் பழுக்கும் பழைய ஜெர்மன் ரகமான ஷ்னைடர்ஸ். பழம் பெரிது, கெட்டி, காம்பு நீளம், பறித்த பிறகும் காம்பு பச்சையாகவே இருக்கும். மரத்தில் காத்திருக்கும் பொறுமையும் அதற்கு உண்டு, இன்றைக்குப் பறிக்க முடியவில்லை என்றால் சில நாள் கழித்துப் பறித்தாலும் குடி முழுகாது. எல்லாவற்றுக்கும் மேல் மழை. பழுக்கும் சமயத்தில் மழை பெய்தால் செர்ரி வெடிக்கும் என்பது தெரிந்ததுதான், தோல் வழியாகவும் காம்பு வழியாகவும் தண்ணீர் உள்ளே போய்ப் பழம் புடைத்துத் தோல் கிழியும். பிங் மாதிரியான ரகத்தில் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். ரெஜினா வெடிக்கவே வெடிக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்து வரிசையில் லாப்பின்ஸ் காம்புக் குழியைச் சுற்றி வளையம் வளையமாக வெடித்து நின்ற ஒரு வாரத்தில் ரெஜினாவில் தேடித்தான் வெடிப்பைக் கண்டுபிடித்தேன். தாமத ரகத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மரத்தில் எத்தனை நாள் கூடுதலாகத் தொங்குகிறதோ அத்தனை மழைக்கு அது தப்ப வேண்டும்.

சரி, அடம் எங்கே என்று கேட்கிறீர்களா? பூக்கும் நேரத்தில்.

ரெஜினா தன் மகரந்தத்தில் காய்க்காது. செர்ரியில் யார் யாரோடு சேரும் என்பதை எஸ் என்ற மரபணு முடிவு செய்கிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு எஸ் எண்கள் உண்டு, பூவின் சூலகத்தில் இருக்கும் எண்ணையே மகரந்தமும் கொண்டு வந்தால் அந்த மகரந்தக் குழாயைச் சூலகம் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். ரெஜினா எஸ்1, எஸ்3. வானும் அதே எஸ்1, எஸ்3, அதனால் வானை ரெஜினாவுக்குத் துணையாக வைத்தால் ஒரு காய்கூட எதிர்பார்க்காதீர்கள். ஸ்வீட்ஹார்ட், லாப்பின்ஸ் போன்றவை தானே காய்ப்பதற்குக் காரணம், எக்ஸ் கதிர் பட்டு மாறிப்போன ஒரு எஸ்4. இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் நிலையத்தில் அப்படிக் கிடைத்த செடியின் மகரந்தம் சம்மர்லேண்டுக்குப் போய், அங்கிருந்து 1968-இல் ஸ்டெல்லா வந்தது, ஸ்டெல்லா வழியாகத்தான் இன்று நாம் நடும் பெரும்பாலான தானே காய்க்கும் ரகங்கள் வந்தன.

எனக்குக் கன்று விற்றவர், "தானே காய்க்கிற மரம் எதற்கு வேண்டுமானாலும் துணை நிற்கும், பக்கத்தில் ஸ்வீட்ஹார்ட் வரிசை இருக்கிறதே, வேறு எதற்கு?" என்றார். எண்களை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரிதான், அந்த மாறிய எஸ்4 மகரந்தம் ரெஜினாவில் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஸ்வீட்ஹார்ட் பூப்பது ஆரம்பத்தில், ரெஜினா பூப்பது கடைசியில். ரெஜினா வாய் திறக்கும்போது ஸ்வீட்ஹார்ட்டின் இதழ் எல்லாம் தரையில் கிடந்தது. மூன்று பருவம் மரம் முழுக்கப் பூ, கூடை அளவுக்குப் பழம். நான் மண்ணைக் குறை சொன்னேன், உரத்தைக் குறை சொன்னேன், தேனீயைக்கூடக் குறை சொன்னேன். எண் பொருந்தினால் மட்டும் போதாது, பூக்கும் நாளும் பொருந்த வேண்டும் என்பது நாலாவது பருவத்தில்தான் மண்டையில் ஏறியது.

அந்த ஆண்டு தெரிந்தவர் ஒருவர் தோட்டத்திலிருந்து கோர்டியா பூங்கிளைகளை வெட்டி வந்து தண்ணீர் வாளியில் வைத்து ரெஜினா வரிசைக்குள் ஆங்காங்கே தொங்கவிட்டேன். பழைய தோட்டக்காரர்கள் செய்யும் அவசரச் சிகிச்சைதான் இது. வாளிக்கு அருகே இருந்த மரங்களில் காய்ப்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வித்தியாசப்பட்டது. அப்புறம் மரத்துக்கு ஒரு கிளையில் கோர்டியாவை ஒட்டுக் கட்டினேன், இன்றுவரை ரெஜினா காய்ப்பது அந்தக் கிளைகளின் புண்ணியம். கவாத்து செய்ய வருகிறவர் அந்த ஒட்டுக் கிளையை வெட்டிவிடாமல் இருக்க அதில் மட்டும் வெள்ளை வண்ணம் பூசி வைத்திருக்கிறேன்.

துணை இருந்தும் ரெஜினா சில ஆண்டுகளில் கையை விரிக்கும். அதன் சூல் காத்திருக்கும் நாள் குறைவு, பூக்கும்போது சூடு ஏறினால் இன்னும் குறையும், மகரந்தம் போய்ச் சேரும்முன் கதை முடிந்துவிடும். குளிர்கால உறக்கமும் நிறைய வேண்டும். இதமான குளிர்காலம் உள்ள இடத்தில் ரெஜினாவை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதே சமயம் கடைசியில் பூப்பதால் வசந்தகால உறைபனி பல முறை அதற்கு முன்பே வந்து போய்விடுகிறது, இதை அதன் கணக்கில் வரவாகவே வைக்க வேண்டும்.

கோர்டியாவைத் துணை மரம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது அநியாயம். செக் நாட்டில் தற்செயலாக முளைத்த ஒரு கன்றிலிருந்து வந்தது, அமெரிக்காவில் அட்டிகா என்ற பெயரிலும் கிடைக்கும். இதய வடிவில் நீளமான பழம், நீளமான காம்பு, சுவையில் என் வீட்டு ஓட்டு இதற்குத்தான், ரெஜினாவுக்கு அல்ல. ரெஜினாவுக்கு ஒரு வாரம் முன்னால் பழுக்கும், எஸ்3, எஸ்6 என்பதால் ரெஜினாவுக்கு எண்ணும் பொருந்தும், நாளும் பெரும்பாலும் பொருந்தும். அதன் பலவீனம் உறைபனி. பூவும் மொட்டும் மற்ற ரகங்களைவிடச் சீக்கிரம் கருகும். பள்ளத்தில், குளிர்க்காற்று வந்து தேங்கும் இடத்தில் வைத்தால் கோர்டியாவும் போகும், அதை நம்பி நிற்கும் ரெஜினாவும் போகும். சரிவின் மேல்பகுதியில் வையுங்கள்.

ஸ்வீட்ஹார்ட் இதற்கு நேர் எதிர்க் குணம். வானையும் நியூஸ்டாரையும் கலந்த சம்மர்லேண்ட் ரகம், வானுக்கு மூன்று வாரம் பின்னால் பழுக்கும், யாருடைய தயவும் இல்லாமல் காய்க்கும், நட்ட சில ஆண்டுகளிலேயே ஆரம்பித்துவிடும், ஆண்டு தவறாது. புதிதாகத் தோட்டம் போடுபவர் ஒரே ஒரு தாமத ரகம் கேட்டால் வாய் தானாக ஸ்வீட்ஹார்ட் என்றுதான் சொல்லும். சொன்ன பிறகு கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வரும், ஏனென்றால் இந்த மரத்துக்கு அளவு தெரியாது. கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளும், விட்டால் எல்லாமே சுண்டைக்காய் அளவில் நின்றுவிடும். உறக்க காலக் கவாத்திலேயே பூமொட்டுக் கொத்துகளில் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும், பழைய கிளைகளைக் குட்டையாக வெட்டிப் புதிய கிளை வரவைக்க வேண்டும். இந்த வேலையை ஒரு குளிர்காலம் தள்ளிப் போட்டேன், அந்தக் கோடையில் பறித்ததில் பாதி சாறு பிழியத்தான் போனது.

சாம்பல் நோய்க்கும் ஸ்வீட்ஹார்ட் ரொம்ப இளக்காரம். பழம் நெடுநாள் மரத்தில் நிற்பதால் இலையில் ஆரம்பிக்கும் வெண்பொடி மெல்லப் பழத்துக்கும் வரும், உள்கிளைகளில் காற்றோட்டம் இல்லாவிட்டால் இன்னும் மோசம். பட்டையில் பிசின் வடியவைக்கும் பாக்டீரியா நோயும் அதற்குப் பிடித்த விருந்தாளி, அதனால் ஈரமான நாளில் கவாத்துக் கத்தரியோடு அதன் பக்கம் போகவே கூடாது. இன்னொன்று, முன்னால் பூத்துப் பின்னால் பழுக்கிற மரம் இது. பூவிலிருந்து பழம்வரை அதிக நாள், உறைபனிக்கும் மாட்டும், கோடைக் கடைசி மழைக்கும் மாட்டும். நிறத்தைப் பொறுத்தவரை பழுத்தாலும் கறுப்பாகாது, பளிச்சென்ற சிவப்பிலேயே பறிக்கலாம். பழக்கமில்லாதவர்கள் இன்னும் கறுக்கும் என்று காத்திருப்பார்கள். லாப்பின்ஸில் அவசரப்பட்ட ஆள்தான் ஸ்வீட்ஹார்ட்டில் காத்திருந்து கெடுத்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஸ்டக்காட்டோ ஸ்வீட்ஹார்ட்டின் விதையிலிருந்து கிடைத்த ரகம், அதற்கும் சுமார் ஒரு வாரம் பின்னால் வரும், தானே காய்க்கும். என் மரங்கள் சின்னவை, அதனால் முழுத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கிடைத்த கொஞ்சப் பழம் கெட்டியாக, புளிப்பும் இனிப்பும் சரியாக இருந்தது. கனடாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் ஆகஸ்ட்வரை செர்ரி ஓடுவதற்கு இது மாதிரி ரகங்கள்தான் காரணம். அங்கே உயரமான நிலங்களையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள், ஒரே ரகம் மேட்டில் ஏற ஏற நாள் தள்ளிப் பழுக்கும். உங்களுக்கு மேட்டு நிலம் இருந்தால் அதிதாமத ரகம் தேடுவதைவிட அங்கே ஸ்வீட்ஹார்ட் நடுவது சில சமயம் அதே பலனைத் தரும்.

வேர்ச்செடி, அதாவது நாம் விரும்பும் ரகத்தை ஒட்டுக் கட்டும் அடிச்செடி பற்றிச் சுருக்கமாக. ஒரே ரகம் வெவ்வேறு வேர்ச்செடியில் வேறு மரமாகவே நடந்துகொள்ளும். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கிசெலா 5 மரத்தைப் பாதி அளவில் நிறுத்தும், மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கவைக்கும். சோம்பேறி ரெஜினாவுக்கு அது நல்ல சாட்டை. ஏற்கெனவே கண்மண் தெரியாமல் காய்க்கும் ஸ்வீட்ஹார்ட்டை அதன்மேல் ஏற்றினால், மண்ணும் நல்ல மண்ணாக இல்லாவிட்டால், மரம் காய்த்தே களைத்துப்போகும். ஸ்வீட்ஹார்ட்டுக்கு கிசெலா 6 அல்லது கொஞ்சம் வேகமுள்ள வேறு வேர்ச்செடி நல்லது. விதையில் முளைத்த காட்டுச் செர்ரியான மேசார்ட் வேரில் எதை வைத்தாலும் காய்ப்புக்குப் பல ஆண்டு பொறுக்க வேண்டும், ஏணியும் பெரிதாக வாங்க வேண்டும்.

இனி ஈ. நர்சரி அட்டவணைகள் பேசாத விஷயம் இது, ஆனால் தாமத ரகத்தின் தலையெழுத்தையே எழுதுவது இதுதான். ஐரோப்பாவின் பழைய செர்ரி ஈ ஆண்டுக்கு ஒரே தலைமுறை. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, பழம் மஞ்சளாகத் திரும்பும் நேரம் பார்த்து முட்டை வைக்கும். முந்திப் பழுக்கும் பர்லா அது வெளியே வரும்முன் தப்பிவிடும், தாமத ரகங்கள் அதன் முழுப் பருவத்தையும் சந்திக்கும். இது பரவாயில்லை, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். 2008-இல் கலிபோர்னியாவிலும் தெற்கு ஐரோப்பாவிலும் தலைகாட்டிய புள்ளிச் சிறகுப் பழ ஈதான் கணக்கை மாற்றியது. மற்ற சின்னப் பழ ஈக்கள் அழுகிய பழத்தைத் தேடும், இதன் பெண் ஈக்கோ ரம்பம் மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது, நல்ல பழத்தையே அறுத்து உள்ளே முட்டை வைக்கும். இரண்டு வாரத்துக்குள்கூட ஒரு தலைமுறை முடிந்துவிடும். கோடை தொடங்கும்போது சில ஈ இருந்தால் கடைசி செர்ரி பழுக்கும்போது படையே இருக்கும், அந்தப் படைக்கு உங்கள் தோட்டம் மட்டும்தான் அன்னதானச் சத்திரம், ஏனென்றால் மற்றவர்களின் பழம் எல்லாம் முடிந்துவிட்டது.

இதற்கு நான் செய்வது வலைதான். கண் 1 மி.மீ.க்கும் குறைவாக இருக்கும் வலையால் வரிசையைச் சுற்றிலும் மூட வேண்டும், பூ உதிர்ந்து காய் பிடித்த பிறகு, பழம் நிறம் மாறும் முன். மேலே மழைக்கூரை போட்டிருந்தால் அதோடு சேர்த்தே பக்கவாட்டில் கட்டிவிடலாம், பறவைக்கும் வழி அடைபடும். உள்ளே கொஞ்சம் புழுக்கமாகும், அது சாம்பல் நோய்க்குப் பிடிக்கும், அதனால் வலைக்குள் ஸ்வீட்ஹார்ட் என்றால் கவாத்தில் இன்னும் தாராளமாக வெட்டுங்கள். கீழே விழுந்த பழத்தை அப்படியே விட்டால் வலை போட்டும் பயன் இல்லை, பொறுக்கிப் பையில் கட்டி வெயிலில் போட வேண்டும், கம்போஸ்ட் குழியில் அல்ல.

பழம் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது கிப்பரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தால் பழம் கெட்டியாகும், பழுப்பதும் சில நாள் தள்ளிப்போகும், பெரிய தோட்டங்களில் வழக்கமான வேலை இது. ஸ்வீட்ஹார்ட்டில் பயன் தெரிந்தது. ரெஜினா ஏற்கெனவே கல்லு மாதிரி இருப்பதால் அதற்குச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. மழைக்கு முன் கால்சியம் குளோரைடு தெளிப்பதும் உண்டு, வெடிப்பு கொஞ்சம் குறையும், பழத்தின்மேல் வெள்ளைத் தடம் விழும், பெருமழைக்கு அது ஈடாகாது.

அடுத்த வசந்தத்தில் லாப்பின்ஸில் பாதியை எடுத்துவிடப் போகிறேன். அந்த இடத்துக்கு ரெஜினாவும் கோர்டியாவும்தான், இந்த முறை வாளி தூக்காமல் இருக்க ஐந்து ரெஜினாவுக்கு ஒரு கோர்டியா என்று வரிசைக்குள்ளேயே வைத்துவிடுவேன். ஸ்வீட்ஹார்ட் இருக்கிற அளவுக்குமேல் வேண்டாம், குளிர்காலக் கவாத்துக்கு என் தோள் தாங்காது. ஸ்டக்காட்டோவுக்கு முதல் முழு விளைச்சல் வரட்டும், அதை வலைக்குள் வைத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன். நீங்கள் யாராவது ரெஜினாவுக்குப் பக்கத்தில் அதன் உடன்பிறப்பான கரினாவைத் துணையாக வைத்திருந்தால், இரண்டும் பூக்கும் நாள் உங்கள் இடத்தில் எத்தனை நாள் ஒன்றாகச் சேர்கிறது என்று எழுதுங்கள், கோர்டியா உறைபனியில் கருகும் ஆண்டுக்கு எனக்கு இன்னொரு துணை தேவைப்படுகிறது.